கே2 பேஸ் கேம்ப்: பால்டோரோ பனியாற்றில் நடக்கப் போகிறவர்களுக்கு

உலகத்தின் இரண்டாவது உயரமான மலையான கே2-வின் அடிவார முகாமுக்கு, அதாவது பேஸ் கேம்புக்கு, போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றித்தான். 5,000 மீட்டரில் மூச்சு விட முடியுமா, தலைவலி வருமா, உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட வேண்டுமா. கிள்ளானில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் மாத்திரைக் கேள்விகள் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த வழியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மற்ற முடிவுகளில் பாதி அதிலிருந்தே வந்துவிடும்.

பாகிஸ்தானின் கில்கித்-பால்டிஸ்தானில், ஸ்கர்டுவிலிருந்து போனால் கடைசி ஊர் ஆஸ்கோலி. சுமார் 3,000 மீட்டர். அங்கிருந்து ஜூலா, பாயூ, கொபுர்ட்ஸே, உர்துகாஸ், கோரோ-2, கான்கார்டியா என்று முகாம் முகாமாகப் போகிறோம். பாயூ 3,400 மீட்டர் இருக்கும், உர்துகாஸ் 4,050, பனியாறுகள் சந்திக்கும் கான்கார்டியா 4,600. நடுவில் ஓய்வு நாளும் சேர்த்து ஒரு வாரத்தில் 1,600 மீட்டர் ஏற்றம்தான். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்த வழி அந்த விதியைத் தானாகவே காப்பாற்றிவிடுகிறது. அதனால் ஏறும்போது உயர நோய் அவ்வளவாகத் தொல்லை தராது.

சிக்கல் இறங்கும்போதுதான். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வழியில், கோரக் ஷெப் முகாமில் ஒருவருக்கு முடியாமல் போனால், அரை நாளில் 800 மீட்டர் கீழே கொண்டுபோய்விடலாம். கான்கார்டியாவில் முடியாமல் போனால் ஒரு நீண்ட நாள் முழுக்க நடந்தும் உர்துகாஸ் வரைதான் வர முடியும். அது வெறும் 550 மீட்டர் இறக்கம். பாயூ வர இன்னொரு முழு நாள் வேண்டும். ஏறும்போது நம்மைக் காப்பாற்றிய அதே சாய்வு, இறங்கும்போது நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே திரும்புவதா தொடர்வதா என்ற முடிவை உடம்பு சரியாக இருக்கும்போதே, கீழேயே எடுக்க வேண்டும். அந்த இடம் உர்துகாஸ். அங்கே சந்தேகம் இருந்தால் திரும்பிவிடுங்கள். கோரோவில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

யாருடன் போவது

தனியாகப் போக முடியாது. இது கட்டுப்பாட்டுப் பகுதி. உரிமம் பெற்ற நிறுவனம் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும். நடைப்பயண அனுமதி கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் கடவுச்சீட்டு நகலையும் படங்களையும் சீக்கிரமே அனுப்பிவிடுங்கள். விசாவும் சுற்றுலா விசாவாக இருந்தால் போதுமா, நடைப்பயண விசாவாகவே இருக்க வேண்டுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழியில் சோதனைச் சாவடிகள் நிறைய. கடவுச்சீட்டு நகல் குறைந்தது பத்து கையில் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்றைய நிலையில் இந்த வழி திறக்காது. இதை நான் மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, கனடா என்று இருக்கிற நம்மவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒரே பயணத்துக்கு இரண்டு நிறுவனங்கள் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். மலிவான விலையைப் பார்த்ததும் சந்தோஷப்படாதீர்கள், அந்தப் பணம் எங்கே மிச்சமானது என்று கேளுங்கள். பெரும்பாலும் சுமை தூக்கும் போர்ட்டர்களிடமோ சமையலறையிலோ மிச்சம் பிடித்திருப்பார்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. ஒரு போர்ட்டர் எத்தனை கிலோ தூக்குவார்? (25 கிலோவுக்கு மேல் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.) அவர்களுக்குக் காப்பீடு உண்டா, இரவில் எங்கே படுப்பார்கள்? ஆக்சிஜன் சிலிண்டரோ, நோயாளியை உள்ளே படுக்க வைத்துக் காற்றடிக்கும் அழுத்தப் பையோ கூட வருமா? சாட்டிலைட் போன் யார் கையில்? அப்புறம், பிரஷர் குக்கர் உண்டா?

கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கான்கார்டியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி நடுவில் கல்லாக நிற்கும். அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்ற வயிறு அடுத்த நாள் பனியாற்றின் நடுவில் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பீட்டையும் இப்போதே பேசிவிடலாம். பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கே ஹெலிகாப்டர் என்றால் ராணுவத்தோடு சேர்ந்தது. பணத்துக்கு உத்தரவாதம் முன்கூட்டியே இல்லாவிட்டால் கிளம்பாது. தனியாகவும் வராது, இரண்டிரண்டாகத்தான் பறக்கும். பில்லும் அதற்கேற்ப வரும். வானம் மூடியிருந்தால் எவ்வளவு பணம் இருந்தும் பயனில்லை.

எப்போது போவது என்றால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. கே2 இருக்கும் கரகோரம் மலைத்தொடர் பருவமழையின் நேர்ப்பாதையில் இல்லை என்பதால் நேபாளம் நனைந்துகொண்டிருக்கும் மாதங்களில் இங்கே நடக்கலாம். ஒன்று கவனியுங்கள்: இப்போதைய சில ஆண்டுகளாக முஹர்ரம் ஜூன், ஜூலையில் வருகிறது. பால்டிஸ்தானில் பெரும்பாலோர் ஷியா, நூர்பக்ஷியா மக்கள். முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா சமயத்தில் ஸ்கர்டுவில் ஊர்வலங்கள் நடக்கும், கடைகள் மூடும், போர்ட்டர்களும் ஊரில் இருக்க விரும்புவார்கள். அந்தத் தேதிகளை விட்டுப் பயணத்தை அமைத்துக்கொள்வதுதான் மரியாதையும் வசதியும்.

கால்களைத் தயார் செய்தல்

டிரெட்மில்லில் ஓடுவது இதற்குப் பெரிதாக உதவாது. பால்டோரோவில் ஒவ்வோர் அடியும் வேறு உயரத்தில், வேறு கோணத்தில், பாதி நேரம் ஆடும் கல்லின் மேல் விழும். வேலை செய்வது கணுக்காலும் தொடையும்தான். சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு குனோங் நுவாங்கைவிட நல்ல இடம் கிடையாது. 1,493 மீட்டர்தான், ஆனால் வேரும் சேறும் பாறையுமாக நாள் முழுக்க வாங்கிவிடும். முதுகில் 7, 8 கிலோ வைத்துப் போங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து போங்கள். வலிக்கும் காலோடு மறுநாள் நடப்பதுதான் உண்மையான பயிற்சி. இறக்கத்தில் கவனம் வையுங்கள். முட்டி போவது இறங்கும்போதுதான். பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் நல்லதுதான், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மட்டும் வேண்டாம்.

கினபாலு ஏறியிருக்கிறேன், அது போதாதா என்று கேட்பார்கள். கினபாலு உச்சி 4,095 மீட்டர். இங்கே அந்த உயரத்தில் உர்துகாஸ் முகாம் இருக்கிறது. அதற்கு மேலேதான் பயணத்தின் முக்கியப் பகுதி. தவிர, கினபாலுவில் இரண்டே நாளில் ஏறி இறங்கிவிடுகிறோம், உடம்பு பழகவே நேரமில்லை. அங்கே தலை வலித்தது என்பதற்காக இங்கேயும் வலிக்கும் என்று பயப்பட வேண்டாம். வலிக்கவில்லை என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம்.

பையில் என்ன

பெரிய பட்டியல் போடப் போவதில்லை, நிறுவனமே அனுப்பும். என் கணக்கில் முக்கியமானவை சில. அடி கெட்டியான, கணுக்காலை மூடும் காலணி. குறைந்தது மூன்று மாதம் போட்டுப் பழகியது. இரண்டு ஊன்றுகோல்கள், ஒன்று போதாது. மைனஸ் 10 முதல் 15 டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக். பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஓடைகளைக் கடக்க, பின்னால் வார் உள்ள செருப்பு. ஜீப் பயணத்துக்கு முகக்கவசம், புழுதி அப்படி. ஜூலா பக்கம் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வெயில், கான்கார்டியாவில் இரவு தண்ணீர்ப் புட்டி உறையும். இரண்டுக்கும் உடை வேண்டும் என்பதால், தடித்த ஒன்றைவிட மெல்லியவை பலவற்றை அடுக்கிப் போடுவது நல்லது. சாக்லெட்டைவிட உப்பும் புளிப்பும்தான் மேலே இறங்கும். நான் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், மைலோ பொட்டலங்கள் கொண்டுபோனேன். மைலோ முதலில் தீர்ந்தது, அதில் சமையற்காரர் பங்கும் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கு, சோறு, முட்டை என்று தினமும் கிடைக்கும். ஆடும் கோழியும் உயிரோடு கூடவே வரக்கூடும். அதைப் பார்க்க மனம் தாங்காதவர்கள் பாயூவில் ஓய்வு நாளன்று ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வரலாம்.

ஸ்கர்டுவிலிருந்து பாயூ

இஸ்லாமாபாத்திலிருந்து ஸ்கர்டுவுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். நங்கா பர்பத்தின் பக்கத்தில் பறக்கும். மேகம் இருந்தால் ரத்து. அப்போது சிலாஸ் வழியாகச் சாலையில் இரண்டு நாள். நிறுவனத்தின் திட்டத்தில் இதற்கு மாற்று நாள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த நாளை மலையிலிருந்துதான் கழிப்பார்கள்.

ஸ்கர்டுவிலிருந்து சிகர் பள்ளத்தாக்கு வழியாக ஆஸ்கோலிக்கு ஜீப்பில் ஆறு முதல் எட்டு மணி நேரம். பிரால்டு ஆற்றின் மேலே செதுக்கிய பாதை. மண் சரிந்து பாதை அடைத்திருந்தால் இறங்கிச் சாமானை மறுபக்கம் தூக்கிப்போய் வேறு ஜீப் ஏற வேண்டியிருக்கும். இது அசாதாரணம் இல்லை, பதற்றப்படாதீர்கள்.

ஆஸ்கோலியிலிருந்து ஜூலா, ஜூலாவிலிருந்து பாயூ. இந்த இரண்டு நாளும் பனியே கிடையாது. வெயிலும் மணலும் கல்லும்தான். ஆட்கள் அதிகமாகச் சோர்ந்துபோவது மேலே அல்ல, இங்கேதான். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் முகாம் சேரலாம். குடையைக் கிண்டல் செய்கிறவர்கள் பதினொரு மணிக்கு மேல் கடன் கேட்பார்கள். மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகள் பெருகும். காலையில் கல் தாண்டிக் கடந்த தண்ணீர் மாலையில் இடுப்பளவு வரும். சீக்கிரம் கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாயூவில் மரங்கள் இருக்கின்றன. இந்த வழியில் கடைசி மரங்கள் அவை. இங்கே ஒரு நாள் ஓய்வு. போர்ட்டர்கள் மேலே தேவைப்படும் ரொட்டியைச் சுட்டு வைப்பார்கள். இரவில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களைத் தட்டிப் பாட்டும் ஆட்டமும் நடக்கும். கூப்பிட்டால் போய் உட்காருங்கள். தலைக்குக் குளிக்க வேண்டும் என்றால் இங்கேயே குளித்துவிடுங்கள், மேலே வாய்ப்பில்லை.

பனியாற்றின் மேல்

பாயூவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பால்டோரோவின் வாய் தெரியும். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வெள்ளையாக எதுவும் இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு கல்மேடு, அதன் அடியிலிருந்து கலங்கலாக ஆறு பீறிட்டு வரும். அந்தக் கல்மேடுதான் பனியாறு. 60 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிய பனிக்கட்டி. பக்கத்து மலைகளிலிருந்து விழும் பாறையைச் சுமந்துகொண்டு மெல்ல நகர்கிறது. மேலே கல், கீழே கட்டி, நடுவில் வழுக்கும் சேறு.

இதில் நடக்க ஒரு முறை இருக்கிறது. கல்லில் முழு எடையையும் வைக்கும் முன்னால் பாதத்தால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பெரிய பாறை எல்லாம் உறுதியானது என்று நினைக்க வேண்டாம், மேஜை அளவு பாறையும் திரும்பும். ஈரமாகப் பளபளக்கும் சரளை என்றால் ஒரு விரற்கடை அடியில் பனிக்கட்டி. அங்கே ஊன்றுகோல் முனையைக் குத்திவிட்டுத்தான் கால். சரிவின் கீழே நின்று படம் எடுக்காதீர்கள், வெயில் ஏறினால் மேலே ஒட்டியிருக்கும் கற்கள் உருளும். கழுதைகளும் கோவேறு கழுதைகளும் எதிரே வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். வழிகாட்டி நடந்த தடத்தை விட்டு "இது குறுக்கு வழி மாதிரி இருக்கே" என்று விலகாதீர்கள். போன வாரம் இருந்த பாதை இந்த வாரம் இருக்காது, தினமும் போய்வரும் போர்ட்டர்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் பனியாற்றைக் குறுக்காகக் கடந்து தெற்கு ஓரத்துக்குப் போகிறோம். கொபுர்ட்ஸேயிலிருந்து எதிர்ப்பக்கம் டிராங்கோ கோபுரங்கள் தெரியும். கிரேட் டிராங்கோ 6,286 மீட்டர், பக்கத்தில் ஒற்றைத் தூணாக 6,239 மீட்டரில் இன்னொன்று. கருங்கல் மேலே நேராக நிற்கிறது, பனி ஒட்ட இடமே இல்லை. உர்துகாஸில் கொஞ்சம் புல்லும் பூவும் உண்டு. 1909-இல் இத்தாலியின் அப்ரூஸ்ஸி கோமகன் குழுவும் இங்கே முகாம் போட்டது. அந்தக் குழுவோடு வந்த விட்டோரியோ செல்லா எடுத்த படங்களை இன்றும் மலையேறிகள் வைத்துப் பார்க்கிறார்கள்.

உர்துகாஸில் நான் முன்னே சொன்ன முடிவை எடுங்கள். அன்று மாலை மூன்று விஷயங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும். சாப்பாடு இறங்குகிறதா? உட்கார்ந்திருக்கும்போது மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்க முடிகிறதா? வயிற்றுப்போக்கு இரண்டு நாளாக நிற்கவில்லை என்றாலும், கணுக்கால் வீங்கியிருந்தாலும் நான் திரும்பச் சொல்வேன். எங்கள் குழுவில் ஜோகூர்க்காரர் ஒருவர் அங்கிருந்து ஒரு போர்ட்டரோடு கீழே போனார். கான்கார்டியாவைப் பார்க்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஆஸ்கோலி வரை தன் காலால் நடந்து போனார்.

உர்துகாஸுக்கு மேலே ஓரம் கிடையாது, பனியாற்றின் நடுவிலேயே நடை, நடுவிலேயே தூக்கம். கோரோ-2-இல் கூடாரத்தின் அடியில் கல், கல்லின் அடியில் பனிக்கட்டி. பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள். இரவெல்லாம் அடியில் கட்டி வெடிக்கும் சத்தம் கேட்கும், அது நகர்கிறது என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. இங்கிருந்து தெற்கே மாஷர்பிரும் தெரியும். அதன் இன்னொரு பெயர் கே1. 1856-இல் மான்ட்கோமரி என்ற நில அளவையாளர் காஷ்மீரின் ஹராமுக் மலைமேல் நின்று, தொலைவில் தெரிந்த கரகோரம் சிகரங்களுக்கு வரிசையாக எண் போட்டார். முதல் எண் மாஷர்பிருமுக்கு, இரண்டாவது நாம் பார்க்கப் போகிற மலைக்கு. அந்தப் பெரும் அளவைப் பணி 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியது. உலகத்தின் இரண்டாவது உயரமான மலைக்கு ஓர் எண்ணே பெயராக நிலைத்துவிட்டது.

வழிநெடுக ராணுவ முகாம்கள் உண்டு. அவற்றைப் படம் எடுக்கக் கூடாது. சிப்பாய்கள் தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கலாம், நன்றாகவே இருக்கும்.

கான்கார்டியாவும் பேஸ் கேம்பும்

கே2 கான்கார்டியா வரும்வரை கண்ணில் படாது. பால்டோரோவோடு காட்வின்-ஆஸ்டன் பனியாறு வந்து சேரும் முனையில் திரும்பியதும் 8,611 மீட்டரும் ஒரேயடியாக நிற்கும். பக்கத்தில் பிராட் பீக். கஷர்பிரும் கூட்டத்தில் நம் கண்முன் நிற்பது நாலாவது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட நான்கு சிகரங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. இதைப் பற்றி மேலும் எழுதினால் வழிகாட்டிக் கட்டுரை கெட்டுவிடும்.

என் அழுத்தமான ஆலோசனை: கான்கார்டியாவில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மேகம் மூடினால் மலை நாள் முழுக்கத் தெரியாது. ஒரே இரவு தங்கி வெறும் வெள்ளையைப் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய.

பேஸ் கேம்ப் 5,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். கான்கார்டியாவிலிருந்து போய்வர 10 முதல் 12 மணி நேரம். ஒரே நாளில் முடிப்பதா, வழியில் பிராட் பீக் முகாமில் ஓர் இரவு தங்குவதா என்பது குழுவின் வேகத்தைப் பொறுத்தது. எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது, தங்கினேன். வேகமாக நடக்கிறவர்களுக்கு ஒரே நாள் சரி. அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, மதியம் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று நேரத்தை முன்பே வழிகாட்டியிடம் பேசி வையுங்கள். வெயில் ஏறியபின் பனிமேல் ஓடும் ஓடைகள் அகலமாகி, தாண்டும் இடத்தைத் தேடியே ஒரு மணி நேரம் போகும்.

பேஸ் கேம்பிலிருந்து சிறிது தூரத்தில் கில்கி நினைவிடம் இருக்கிறது. 1953-இல் கே2-வில் இறந்த அமெரிக்கர் ஆர்ட் கில்கிக்காக அவருடைய தோழர்கள் அடுக்கிய கல்மேடு. அதற்குப் பிறகு மலையில் இறந்தவர்களின் பெயர்களைத் தகட்டில் பொறித்து அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலருடைய எஞ்சிய உடல் பகுதிகளும் அங்கேதான். உரக்கப் பேசி செல்ஃபி எடுக்கும் இடம் இல்லை. ஏறுகிறவர்களின் கூடாரங்களுக்குள் அழைக்காமல் போகாதீர்கள். நம் இருமலும் சளியும் அவர்களுடைய இரண்டு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

மாத்திரையும் வயிறும்

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைட். தடுப்பாகப் போடுவது வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை. இந்த வழி மெதுவாக ஏறுவதால் எல்லோருக்கும் அவசியம் இல்லை; முன்பு உயர நோய் வந்தவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். போட்டால் விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், இரண்டும் பயப்பட வேண்டியவை அல்ல. வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை மணிக்கொரு தரம் பார்ப்பவர்கள் தாங்களும் தூங்க மாட்டார்கள், பக்கத்துக் கூடாரத்தையும் தூங்க விட மாட்டார்கள். கான்கார்டியாவில் அந்த அளவு 80 சதவீதச் சொச்சத்தில் இருப்பது வழக்கம்தான். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். தள்ளாடி நடப்பது, பேச்சு குழறுவது, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல் என்று எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற உயர நோய் மருந்துகள் எல்லாம் கீழே இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

உண்மையில் இந்த வழியில் ஆட்களைப் படுக்க வைப்பது வயிறுதான். எல்லா முகாமிலும் பல வருடங்களாக மனிதரும் விலங்குகளும் தங்கிப்போகிறார்கள், தண்ணீரும் அங்கிருந்தே வருகிறது. தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்க வைத்தது அல்லது மாத்திரை போட்டது மட்டும் குடியுங்கள். சமையல் கூடார வாசலில் சோப்பும் தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள், சமையற்காரரும் உங்களோடு சேர்ந்து கை கழுவட்டும். ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்குக் குறைந்தது இருபது. கிருமிக்கொல்லியான அசித்ரோமைசின் ஒரு முழுச் சுற்று, மருத்துவர் சீட்டோடு. பேதி நிறுத்தும் மாத்திரையைக் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடாதீர்கள்.

பெண்களுக்குச் சில வார்த்தை. கழிப்பறைக் கூடாரம் முகாமில்தான் இருக்கும். நடுவழியில் மறைவு என்பது பாறையைப் பொறுத்தது. நீளமான குர்த்தாவும் ஒரு சால்வையும் அங்கே மிகவும் உதவும். அவை ஸ்கர்டு கடைத்தெருவிலேயே கிடைக்கும், ஊருக்குள்ளும் அதுதான் பொருத்தமான உடை. மாதவிடாய்ப் பொருட்களை முழுக்க நீங்களே கொண்டுபோய், பயன்படுத்தியதைக் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஊர்ப் பெண்களை அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். மற்றபடி எங்கள் வழிகாட்டியும் போர்ட்டர்களும் என்னை "பாஜி" என்று அக்காவாகவே நடத்தினார்கள்.

கோண்டோகோரோ வழியா, வந்த வழியா

கான்கார்டியாவிலிருந்து அலி கேம்ப் போய், நள்ளிரவில் கிளம்பி, ஏறக்குறைய 5,600 மீட்டரில் கோண்டோகோரோ கணவாயைக் கடந்து ஹூஷே பக்கம் இறங்கலாம். புது நிலம், நாளும் மிச்சம். ஆனால் அது வேறு வகைப் பயணம். பனிப்பிளவுகள், கிராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முள்), ஹார்னெஸ் (இடுப்பில் கட்டும் வார்), கட்டிய கயிறு, இறக்கத்தில் கல் உருளும் செங்குத்துச் சரிவு. கயிற்றைப் பிடித்து இறங்கிப் பழக்கம் இல்லாதவர்கள் அதை முதன்முதலில் அங்கே போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது. புதுப் பனி விழுந்தால் கணவாய் மூடும், அப்போது வந்த வழியே திரும்ப நாளும் உணவும் போதுமான அளவு இருக்க வேண்டும். நான் வந்த வழியே திரும்பினேன், அதையே சொல்வேன்.

போர்ட்டர்கள்

இவர்களுக்குக் கூலி நடைக்கட்டக் கணக்கில், அதாவது வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு என்று. கிளம்பும் முன் ஆஸ்கோலியில் மூட்டைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார்கள், பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்கள் பை அனுமதித்த எடையைத் தாண்டினால் அதைத் தூக்குவது இன்னொருவர் முதுகு. கண் எரிகிறது, பல் வலிக்கிறது என்று சாயங்காலம் உங்களிடம் மருந்து கேட்டு வருவார்கள். பனிவெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் நடப்பதால்தான் கண் எரிச்சல். மலிவான கறுப்புக் கண்ணாடி நாலைந்து, கையுறை, கம்பளிக் காலுறை கொண்டுபோய் வழிகாட்டி மூலம் கொடுங்கள். அன்பளிப்புப் பணத்தைச் சின்ன ரூபாய் நோட்டுகளாக ஸ்கர்டுவிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் முன்னிலும் அவரவர் கையில் கொடுப்பது நல்லது. மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

திரும்பும் நடை

மூன்று நாலு நாளில் ஆஸ்கோலி வந்துவிடலாம். நாட்கள் நீளம், கால் ஏற்கெனவே களைத்திருக்கும், மனம் ஊருக்குப் போய்விட்டிருக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். போகும்போது நடந்த அதே எச்சரிக்கையோடு நடங்கள், காலை ஐந்து மணிக் கணக்கை மாற்றாதீர்கள். ஸ்கர்டுவில் வெந்நீரில் குளித்து, ஆப்ரிகாட் பருவமாக இருந்தால் கிலோ கணக்கில் வாங்கித் தின்னலாம், முதலில் கழுவிவிட்டு.

இஸ்லாமாபாத்திலிருந்து கோலாலம்பூர் விமானத்தை, ஸ்கர்டு விமானம் வந்து சேரும் நாளிலிருந்து குறைந்தது மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக இருக்கட்டும்.